ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? புதிதாகப் பழகுபவர்களுக்கு

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகத்தன்று பலூன் சுடும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகை நிறைய பலூன், ஒரு பழைய ஏர்கன், ஒரு கிண்ணத்தில் ரவை. கடைக்காரர் கிண்ணத்தில் கைவிட்டு, வந்ததை எடுத்துக் குழலில் திணித்து நீட்டுவார். பாதி ரவை நசுங்கியிருக்கும். பலூன் பக்கத்திலேயே இருப்பதால் அது யாருக்கும் உறுத்தாது.

பத்து மீட்டர் ரைஃபிளில் உறுத்தும். அந்த இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் என்பது நடுவில் 0.5 மி.மீ. அகலத்துக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். நாம் சுடும் பெல்லட், அதாவது ஈய ரவை, 4.5 மி.மீ. புள்ளியைவிட ஒன்பது மடங்கு பெரியது. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. இடைவெளி. இப்போது போட்டிகளில் பத்தை இன்னும் பத்தாகப் பிரித்து 10.9 வரை எண்ணுகிறார்கள். அதாவது மையத்திலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 போகும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ரைஃபிள் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 முறை சுட்டு 630.7 எடுத்தார். சராசரி 10.5-க்கு மேல். அதற்கே பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். மேலே போகப் போக ஆட்டம் அந்தக் கால் மில்லிமீட்டர்களில்தான் நடக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த உயரத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. ரைஃபிள் பழகச் சேர்ந்து, "அடுத்த வாரம் பெல்லட் வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லப்பட்டு, கடையில் பத்து வகை டப்பாவைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மிகாமலும் வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. நம் போட்டி ரைஃபிள் அதற்குள் சௌகரியமாக அடங்கும்: 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஆற்றல் ஏழரை ஜூல் சொச்சம். கடையில் அடையாள அட்டை கேட்டால் கொடுங்கள். கடலூர்–புதுச்சேரி சாலையில் ரைஃபிளைத் துணியில் சுற்றிக்கொண்டு பைக்கில் போகாதீர்கள்; பெட்டியில் வைத்து, காலியாக, பில்லுடன் எடுத்துச் செல்லுங்கள். உரிமம் வேண்டாம் என்பதற்காக ஊசுடு ஏரிப் பக்கம் போய்க் கொக்கையும் மடையானையும் குறிபார்க்கத் தோன்றினால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஏர்கன், தோட்டாத் துப்பாக்கி என்ற பேதமெல்லாம் கிடையாது.

உடுக்கையைப் பாருங்கள்

ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன உடுக்கை மாதிரி இருக்கும். முன்பக்கம் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் உள்ளே குடைந்த பாவாடை. பாவாடை தலையைவிடக் கொஞ்சம் அகலம், ஆனால் மெல்லியது. சுடும்போது பின்னாலிருந்து வரும் காற்று அந்த மெல்லிய ஈயத்தை வெளிப்பக்கம் விரித்து, குழலின் சுவரோடு ஒட்டவைக்கும். காற்று பக்கவாட்டில் கசியாமல் இருப்பது அதனால்தான். தலையின் வேலை வேறு. குழலுக்குள் திருகுபோல் ஓடும் வரிகளின் மேடுகள்மேல் அது சவாரி செய்கிறது. தலை சரியாக உட்கார்ந்தால் பெல்லட் நேராகச் சுழன்று வெளியே வரும். சிறுத்துப்போனால் உள்ளேயே லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் பத்து மீட்டர் தள்ளி அட்டையில் தெரியும்.

இறகுப்பந்தின் இறகு பந்தை நேராக வைப்பதுபோல் பாவாடையும் காற்றில் பின்னிழுத்து நேராக வைக்கிறது. ஆகவே பாவாடை நசுங்கிய பெல்லட் இரண்டு வகையில் கெடுக்கும். குழலுக்குள் காற்று கசியும். வெளியே வந்தபின் ஒரு பக்கமாக இழுக்கும்.

பழகுபவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இந்தத் தலை குழலில் பிடிக்கும் பிடிப்பு. எனக்கே அது புரிந்தது வேறொரு வழியில்.

என் மாமா மகன் பிரான்ஸில் இருக்கிறான். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டில் அப்படி ஒருவர் உண்டு. அங்கே உரிமம் வைத்திருக்கும் வீரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். விடுமுறைக்கு முத்தியால்பேட்டைக்கு வந்திருந்தபோது, "மச்சான், இந்த வருஷம் பூரா கழுத்துப் பிடிப்போடதான் போராட்டம்" என்றான். நான் தைலம் எடுக்கப் போனேன். அவன் சிரித்துவிட்டு விளக்கினான். தோட்டாவின் பித்தளைக் கூட்டில் முன்பக்கம் ஒடுங்கிய பகுதிக்குக் கழுத்து என்று பெயர். அது குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதுதான் அந்தக் கழுத்துப் பிடிப்பு. கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு சிறிதாக இருக்கும்படி வைப்பார்களாம். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில் தோட்டா படாரென்று மோதிக்கொண்டுதான் உள்ளே போகும். பிடிப்பு தளர்வாக இருந்தால் அந்த மோதலில் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுடும் ரைஃபிளுக்கு இந்தக் கவலை குறைவு.

நமக்கு அந்த வேலை கிடையாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் பேச்சோடு பேச்சாக அவன் சொன்ன ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். "இறுக்கம் போதுமான அளவு வந்தபிறகு, இன்னும் இறுக்கணுமான்னு யாரும் பார்க்க மாட்டோம். அம்பது கூட்டுலயும் அதே இறுக்கம் இருக்கான்னுதான் பார்ப்போம்." பெல்லட்டும் அப்படித்தான்.

வாங்கும்போது

தட்டைத் தலை பெல்லட்டையே வாங்குங்கள். அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை விழும். புள்ளி எண்ண வசதி. கூர்த்தலை, உருண்டைத்தலை எல்லாம் வேறு வேலைக்கு. கூர்மையாக இருந்தால் நேராகப் போகும் என்று கடையில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

டப்பாவின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எடை. ரைஃபிளுக்குப் பெரும்பாலும் 0.53 கிராம் வட்டாரத்தில். பிஸ்டலுக்கு அதைவிட இலேசாக, 0.45 முதல் 0.49 வரை. இலேசானதை ரைஃபிளில் சுட்டால் ஒன்றும் ஆகிவிடாது, சில குழல்கள் அதை விரும்பவும் செய்யும். ஆனால் ஆரம்பத்தில் வழக்கத்தை மீற வேண்டாம். மற்றது தலையின் விட்டம்: 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரும். மலிவான பயிற்சிப் பெல்லட்டில் இது பெரும்பாலும் போட்டிருக்காது. போடாத டப்பா மோசமானது என்று இல்லை. உள்ளே எல்லாம் ஒரே அளவாக இருக்கும் என்பதற்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று ஐரோப்பிய டப்பாக்களின் பெயர்கள் ரேஞ்சில் அடிபடும். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எல்லாரும் உண்மையைத்தான் சொல்வார்கள். அவரவர் குழலுக்கு அது பொருந்தியிருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தாலும் இரண்டும் ஒரே பெல்லட்டைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் தடவை மூட்டையாக வாங்காதீர்கள். பயிற்சிப் பெல்லட் ஒரு டப்பா, போட்டிப் பெல்லட்டில் 4.49 ஒன்று, 4.50 ஒன்று. மூன்று டப்பா போதும்.

கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. டப்பாவின் அடியிலோ ஓரத்திலோ ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே எடை, ஒரே விட்டம் போட்டிருந்தாலும் பேட்ச் மாறினால் அச்சு மாறியிருக்கலாம். நான் ஒருமுறை பத்து டப்பா ஒரே பேட்ச் என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று பேட்ச் கலந்திருந்தது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியைத் திருப்பிப் பார்க்க எனக்குக் கை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த டப்பா அது. மூடியைத் திறந்து, வெள்ளைக் காகிதத்தில் மெதுவாகக் கொட்டுங்கள், குலுக்கக் கூடாது. ஈயம் மிருதுவான உலோகம், ஒன்றோடு ஒன்று உரசினாலே பாவாடை நெளியும். நெளிந்ததை, கீறல் விழுந்ததை, உள்ளே ஈயத்துணுக்கு ஒட்டியதை ஒதுக்குங்கள். ஒதுக்கியதைக் குப்பையில் போட வேண்டாம், ஒரு பாட்டிலில் சேர்த்துவையுங்கள்.

பிறகு ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சரிவாக வைத்துப் பெல்லட்டை உருட்டிப் பாருங்கள். தலையைவிடப் பாவாடை அகலம் என்பதால் நேராக உருளாது, வளைந்துதான் போகும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் ஒரே வளைவில் சீராகப் போகும். நெளிந்தது திக்கித் திக்கிப் போகும், இல்லையென்றால் வேறு வளைவில் திரும்பும். எல்லா டப்பாவுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஐம்பது பெல்லட்டை உருட்டிப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் தட்டில் பார்த்தாலே தெரியும்.

எடை போட்டுப் பிரிக்கலாமா என்று கேட்பார்கள். நகைக்கடைத் தராசு வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் பிரித்தேன். அட்டையில் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல டப்பாவில் எடை ஏற்கெனவே ஒரே சீராகத்தான் இருக்கிறது. மோசமான டப்பாவில் எடையைச் சரிசெய்தாலும் தலையின் அளவு சரியாகிவிடாது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி தவறாமல் வரும்: தேங்காய் எண்ணெய் தடவலாமா? வேண்டாம். அது காறிப்போய்ப் பிசுபிசுக்கும், தூசியை இழுக்கும். எந்த எண்ணெயையும் சிலிண்டர் மாட்டும் இடத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. போட்டி ரைஃபிளின் சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தத்தில் காற்று நிற்கிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெயும் காற்றும் சேர்ந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

விரல் சொல்லும் சேதி

ரைஃபிள் எப்போதும் இலக்கு இருக்கும் திசையையே பார்த்திருக்கட்டும். குழலின் பின்னால் பெல்லட் வைக்கும் கதவைத் திறந்து பெல்லட்டை வைத்து, கட்டைவிரலாலோ ஆள்காட்டி விரலாலோ தள்ளுங்கள். இங்கே அவசரம் வேண்டாம். சரியான பெல்லட் முதலில் தடையில்லாமல் போய், கடைசியில் ஒரு மெல்லிய எதிர்ப்பைக் காட்டி உட்காரும். டப்பர்வேர் மூடி அழுந்தும் கடைசி நொடி போல என்று என் மகள் சொல்வாள். பொதபொதவென்று விழுந்தால் தலை சிறிது. விரல் நுனியில் பள்ளம் விழும் அளவுக்குத் தள்ள வேண்டியிருந்தால் தலை பெரிது, இல்லையென்றால் கோணலாக நுழைகிறது. சில ரைஃபிளில் விரலுக்குப் பதில் கதவே பெல்லட்டைத் தள்ளிவிடும். அதிலும் கதவை மூடும்போது கையில் அந்த எதிர்ப்பு தெரியும்.

ஒரே டப்பாவிலிருந்து இருபது பெல்லட்டை வைத்துச் சுடுங்கள், இலக்கைப் பற்றிக் கவலைப்படாமல். விரலில் தெரியும் எதிர்ப்பு எத்தனை முறை மாறுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். இருபதில் ஒன்றிரண்டு மாறினால் நல்ல டப்பா. ஏழெட்டு மாறினால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். இது நுட்பமான அளவீடு ஒன்றும் இல்லை. ஆனால் பல மாதம் பழகிய விரல், நூறில் ஒரு மில்லிமீட்டரைச் சொல்லாவிட்டாலும், 'இது வேறு' என்று சொல்லிவிடும். அப்படித் தோன்றிய பெல்லட்டைப் போட்டியில் அட்டைமேல் சுடாதீர்கள். ஆரம்பத்தில் எண்ணிக்கையில் சேராத சுற்றுகளுக்கு நேரம் கொடுப்பார்கள், அங்கே தீர்த்துவிடுங்கள்.

பிடிப்பு மாறினால் என்ன குடி முழுகிவிடும்? கணக்கில் பார்க்கலாம். காற்றின் தடையை விட்டுவிட்டால், விநாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க 0.059 விநாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். பிடிப்பு மாறி வேகம் 168 ஆகக் குறைந்தால் இன்னும் 0.4 மி.மீ. கூடுதலாக இறங்கும். சுமார் 0.15 மதிப்பெண், அதாவது 10.5 வர வேண்டியது 10.3 அல்லது 10.4 ஆகும். பாரிஸ் அட்டையில் அது பெரிய இழப்பு. நின்றபடி ரைஃபிளைத் தூக்கினால் முனை அட்டை முழுவதும் சுற்றிவரும் நமக்கு அது இருட்டில் விழுந்த ஊசி.

அதனால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நின்று சுட்டுச் சராசரி 9.5 நிலையாக வரும்வரை பேட்ச் சோதனை, விட்டச் சோதனை எதிலும் இறங்காதீர்கள். சீரான பயிற்சிப் பெல்லட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் மூச்சைப் பிடிக்கவும் விசையை அழுத்தவும் பழகுங்கள். எட்டு விழும்போது பெல்லட்டைத் திட்டுவது ரொம்ப சுகமான பழக்கம். விட்டொழிக்கக் கஷ்டம்.

சோதனை

9.5 வந்துவிட்டதா, சரி, இப்போது செய்யலாம். போட்டி ரைஃபிளைக் கவ்விப் பிடிக்கும் கருவி ரேஞ்சில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, மணல் நிரப்பி, இரு முனையையும் தைத்து இரண்டு மூட்டை செய்துகொள்ளுங்கள். மேசைமேல் வைத்து, உட்கார்ந்து, மரப்பகுதி மூட்டைமேல் இருக்கும்படி சுடுங்கள். குழலோ சிலிண்டரோ மூட்டையில் படக் கூடாது. பட்டால் அடி இடம் மாறும்.

எங்கள் வீடு பழைய பாணி. திண்ணைச் சுவரிலிருந்து முற்றம் தாண்டிப் பின்கட்டுச் சுவர்வரை பத்து மீட்டர் தாராளமாக இருக்கிறது. அப்படி இருந்தாலும் சில விதிகள்: இலக்குக்குப் பின்னால் இரும்புத் தகடு சரிவாக வைத்த பெட்டி, நடுவில் யாரும் குறுக்கே வரும் கதவு இருந்தால் உள்பக்கம் தாழ், எல்லார் கண்ணிலும் கண்ணாடி. மரப்பலகை மீது அப்படியே அட்டையை ஒட்டிச் சுட்டால் பெல்லட் திரும்பி வரும். மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். பத்து மீட்டர் இருக்கும். தவறினால் அடுத்த தெருதான் பின்சுவர்.

மூன்று டப்பாவையும் மகளிடம் கொடுத்தேன். அவள் மூன்று தட்டில் கொட்டி, எது எது என்று தனக்கு மட்டும் குறித்துக்கொண்டு ஐந்தைந்தாகக் கொடுத்தாள். "அப்பா, இது எதுன்னு கேட்கக் கூடாது." இது விளையாட்டல்ல. விலை அதிகமான டப்பா என்று தெரிந்தால் நம் விரல் தானாகவே கவனமாக அழுத்தும். பெல்லட் மாற்றும்போதெல்லாம் முதல் ஐந்தாறை வெறுமனே சுட்டுவிடுங்கள். முந்தையதன் ஈயப் பூச்சு குழலில் இருக்கும். பிறகு புது அட்டையில் ஐந்து. ஒரு சுற்று அ, ஆ, இ என்று போனால் அடுத்த சுற்று இ, ஆ, அ என்று திரும்பி வாருங்கள், இல்லையென்றால் கடைசியில் வரும் டப்பா உங்கள் களைப்புக்கும் சேர்த்துப் பழி சுமக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்டையாவது வேண்டும். ஐந்தும் ஒரே ஓட்டையில் போன ஒரு அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியும் ஆட்களை எனக்குத் தெரியும். அதே டப்பாவின் மற்ற மூன்று அட்டைகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

அளப்பது எளிது. ஓட்டைக் கூட்டத்தின் மிக அகலமான இடத்தை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வெர்னியர் அளவுகோலால் அளந்து, 4.5 கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் வரும். கீழே நான் சொல்வதெல்லாம் கழிக்காத வெளிவிளிம்பு அளவு. பெல்லட்டின் ஓரம் அந்த 0.5 மி.மீ. புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், அதன் மையம் அட்டை மையத்திலிருந்து 2.5 மி.மீ.-க்குள் விழுந்தால் போதும். ஆகவே வெளிவிளிம்பு 9.5 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும் டப்பா எதுவும், கோட்பாட்டளவில், எல்லாச் சுற்றும் பத்து தரக்கூடியது. நல்ல குழலும் பொருந்திய பெல்லட்டும் சேர்ந்தால் 5, 6 மி.மீ.-க்கே வந்துவிடும், ஐந்து சுட்டது ஒரே ஓட்டைபோல் தெரியும். என் ரைஃபிளில் பயிற்சி டப்பா 9 சுமார், 4.49 டப்பா 7, 4.50 டப்பா 6. இரண்டு விலை உயர்ந்த டப்பாக்களுக்கும் நடுவே இருந்த அந்த 1 மி.மீ. நான்கு அட்டையில் மூன்றில் வந்ததால் நம்பினேன். உங்கள் குழலில் இது தலைகீழாக வரலாம்.

தேறிய பேட்ச்சில் எவ்வளவு வாங்குவது? ஒருநாள் பயிற்சிக்கு 80 என்று வைத்தால், வாரம் மூன்று நாளுக்கு 240. டப்பாவில் 500 இருக்கும். இரண்டு வாரம் வரும். வருடத்துக்கு 25 டப்பா. இவ்வளவும் போட்டித் தரத்தில் வாங்கினால் வீட்டில் பேச்சு வரும். எங்கள் வீட்டு உடன்படிக்கை: 20 டப்பா பயிற்சி, 5 டப்பா தேறிய பேட்ச். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தேறியதற்கு மாறிவிடுவேன், ரைஃபிளில் குறிபார்க்கும் பகுதியைப் புது பெல்லட்டுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் வேண்டும்.

உப்புக் காற்று

ஐரோப்பாவில் எழுதிய கையேடுகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். நமக்கு முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பரணில் அட்டைப்பெட்டிக்குள் ஆறு டப்பா வைத்திருந்தேன். தேறிய பேட்ச். ஓடு வழியாக ஒழுகி அட்டைப்பெட்டி ஊறிப்போனது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். டப்பாக்கள் மேலே பளபளவென்று இருந்தன. மூடியைத் திறந்தால் உள்ளே மாவு தூவியதுபோல் வெள்ளை. ஈயம் ஈரத்தோடும் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடும் சேர்ந்தால் அந்த வெள்ளை பூக்கிறது. அது விஷப்பொடி. ஊதித் தள்ளிவிட்டுச் சுடலாம் என்று நினைக்கவே கூடாது; ஊதினால் மூக்குக்குள்தான் போகும். மூடி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஆறையும் ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகு வைத்திருக்கும் முறை இது. ரப்பர் வளையம் போட்ட, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பெல்லட் டப்பாக்கள். கூடவே புது ஷூ பெட்டியில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து. மழைக்காலம் தொடங்குமுன் பொட்டலத்தை மாற்றுங்கள். ஈரம் இழுக்க அரிசி போடலாம் என்று யோசிக்காதீர்கள்; ஈயத்தோடு கிடந்த அரிசியை அப்புறம் யாராவது மறந்துபோய் உலையில் போட்டுவிடும் வீடுகள் உண்டு. மரப்பெட்டி பார்க்க அழகு, ஆனால் சில மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் பசை புதிதாகப் பூசிய அலமாரியும் அப்படித்தான்.

குழலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு குழல் துடைக்கவென்றே வரும் பஞ்சுப் பெல்லட்டுகள் இரண்டு மூன்றைச் சுட்டுவிடுவது போதும். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். ஈயம்தான் ஓடுகிறது, பெரிதாக அழுக்குச் சேராது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வெளியிரும்பை உலர்ந்த துணியால் துடைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியே ஒரு வருடத்தில் உதிர்கிறது.

சுட்ட பிறகு

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதற்கு மட்டும் என்ன பயம் என்று என் அத்தை கேட்டார். நல்ல கேள்வி. நல்ல ரசச் சொம்பு வெள்ளீயம். பெல்லட் காரீயம். பெயர்தான் உறவு, ஒன்று சமையலுக்கு ஆகும், மற்றது உடலில் சேர்ந்தால் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இன்னும் மோசமாக. ஆகவே பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ரைஃபிளைத் திறக்கும் ஸ்டைல் வேண்டாம். சுட்ட கையோடு பஜ்ஜி எடுக்க வேண்டாம். சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவியபிறகு சாப்பிடலாம். சுட்ட இடத்தை விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணியை அதற்கென்றே வையுங்கள்.

கடைசியாக, இலக்குப் பெட்டிக்குள் சேரும் ஈயம். வருடத்துக்கு 12,500 பெல்லட் என்றால் ஆறரைக் கிலோவுக்கு மேல். கையுறை போட்டு ஒரு கெட்டியான டின்னில் தட்டி மூடிவையுங்கள். நசுங்கியதென்று ஒதுக்கினோமே, அந்தப் பாட்டிலையும் இதோடு சேருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்கார அண்ணன் மீனவர். வலைக்கு ஈயக்குண்டு கட்ட இது உதவுமா என்று கேட்டார். உதவும், ஆனால் உருக்கும் புகைதான் ஆபத்து, வீட்டு அடுப்பில் உருக்கக் கூடாது அண்ணே என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப காயலான் கடையில போட்டுட்டு, செஞ்ச குண்டையே வாங்கிக்கறேன்" என்றார். போன தை மாதம் டின்னை அவர்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.